ஆட்டு வாய்க்கு எட்டாத பாதி

மேச்சேரியிலிருந்து நங்கவள்ளி போகும் வழியில் ஒரு கரட்டடி. சித்திரை முடியப்போகிற நேரம். செவ்வல் மண்ணெல்லாம் சூடேறி, சரளைக்கல் செருப்பையும் மீறிக் குத்திக்கொண்டிருந்தது. பச்சை என்று சொல்ல எட்டத்தில் நின்ற இரண்டு வேப்பமரங்கள்தான். மற்றபடி, தேய்ந்த சீமாறுகளைத் தலைகீழாக நட்டுவைத்ததுபோல், குத்துக்குத்தாகக் காய்ந்த புல். அதில்தான் ஒரு பட்டி செம்மறிகள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தன.

"இந்தப் புல்லெல்லாம் செத்துப்போச்சுங்களாக்கா?" என்று மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "தாளு காஞ்சிருக்குதுங்க. தூரு எங்க சாவுது?"

அவர் சொன்னது கொழுக்கட்டைப் புல்லை. தாவரவியலார் ஏட்டில் அதன் பெயர் சென்க்ரஸ் சிலியாரிஸ். ராஜஸ்தான் பக்கம் அஞ்சன் புல். ஆப்பிரிக்கா, அரேபியா, மேற்காசியா, இந்தியா என்று வறண்ட நிலங்களின் நெடும்பட்டை முழுவதும் இது தானாக முளைத்த மண். சேலம், நாமக்கல் சமவெளியின் கரட்டு ஓரங்களும் மேட்டாங்காட்டு வரப்புகளும் அந்தப் பட்டையின் ஒரு துண்டு. இங்கே விதை வாங்கி விதைப்பவர்களும் உண்டு. ஆனால் விதைப்பதற்கு முன்பே இங்கிருந்த புல் இது.

பக்கத்து வீட்டில் ஒரு கடப்பாரை இரவல் வாங்கி, ஒரு குத்தைத் தோண்டத் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று நினைத்தது என் தவறு. கால் மணி நேரம் போராடிய பிறகு, மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரம்கூட இல்லாத அந்தக் காய்ந்த கற்றை பாதி வேர் அறுந்த நிலையில் கையோடு வந்தது. அதன் அடிப்பகுதிதான் பார்க்கவேண்டியது. கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, முண்டும் முடிச்சுமாக, பழைய இலையுறைகளின் நார் சுற்றி, ஒரு குழந்தையின் முஷ்டி அளவுக்குக் கெட்டியாக இருந்தது. பேனாக்கத்தியால் பிளந்தால் உள்ளே வெண்மை. விரலால் தொட்டால் ஈரம். சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்கு மண் பொடிப்பொடியாக உதிர்கிற நாளில், அந்த முடிச்சுக்குள் மட்டும் ஈரம். கணு ஒவ்வொன்றின் இடுக்கிலும் குண்டூசித் தலை அளவில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருந்தது.

ஓராண்டுப் புல்லுக்கும் பல்லாண்டுப் புல்லுக்கும் உள்ள வேறுபாடு இந்த முடிச்சில்தான் இருக்கிறது. ஓராண்டுப் புல் தன்னிடம் இருப்பதையெல்லாம் விதையில் போட்டுவிட்டு மொத்தமாக மடிந்துவிடும். கொழுக்கட்டைப் புல் அப்படிச் செலவழிப்பதில்லை. மழை ஓய்ந்து வெயில் ஏறும்போது இலைகளில் உள்ள சர்க்கரையையும் தழைச்சத்தில் ஒரு பகுதியையும் கீழே இறக்கிக்கொள்கிறது. சர்க்கரை தூரில் மாவுச்சத்தாகச் சேர்கிறது. அதன்பிறகே தாள் காய்கிறது. நாம் செத்துக் கிடக்கிறது என்று பார்ப்பது, சாமான்களை எடுத்துக்கொண்டு காலி செய்த வீடு. இளந்தழையில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் புரதம், முற்றிக் காய்ந்த தாளில் அதில் பாதிக்கும் கீழே போய்விடுவது இதனால்தான். சித்திரையில் செம்மறி வயிறு நிறைய மேய்ந்தும் இளைத்துப்போவதற்கும் அதுவே காரணம்.

புல்லின் உடலில் இன்னொரு தந்திரம் உண்டு. எல்லாப் புல்லுக்கும் பொது. மரக்கிளை நுனியில் வளரும். நுனியை ஒடித்தால் அந்தக் கிளை நின்றுபோகும். புல் இலை அடியில் வளர்கிறது. முறுக்கு உரலில் மாவை அழுத்தினால் முன்பு வந்தது தள்ளிப்போகப் புதியது உரலின் துளையிலிருந்து வந்துகொண்டே இருக்குமே, அதேபோல். ஆடு கடிப்பது பழைய நுனியை. உரலில் மாவு இருக்கிறவரைக்கும் இலை வந்துகொண்டிருக்கும். கதிர் விடுவதற்காகத் தண்டு நீளத் தொடங்கிய பிறகுதான் வளர்முனை ஆட்டு வாய் உயரத்துக்கு ஏறுகிறது. அப்போது கடிபட்டால் அந்தத் தண்டு முடிந்தது. உடனே தூரில் உறங்கும் மொட்டுகளில் ஒன்று விழித்துப் புதுக் கிளைப்பு வரும். தூர் கட்டுவது என்று நெல்லுக்குச் சொல்கிறோமே, அதுதான். நெல் ஒரு பருவம் கட்டுவதை இது ஆண்டுக்கணக்காகக் கட்டுகிறது.

வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உட்புறம் வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. பனையும் மூங்கிலும் புல்லோடு சேர்வது அந்தக் கணக்கில்தான். இந்தப் புல்லின் தண்டை ஒடித்துப் பார்த்தாலும் விதி சரியாக வரும்: வெளியே விறைப்பு, உள்ளே மென்மை. தூரைப் பிளந்து பார்த்தாலும் அப்படியே, வெளியே நார், உள்ளே வெண்மை. ஆனால் அதைப் பார்க்கக் கடப்பாரை வேண்டும்.

தூருக்குக் கீழே ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்தான். ஆனால் சல்லிவேர் என்றவுடன் நெற்பயிரைப் பிடுங்கினால் வருகிற சிறு கொத்து நினைவுக்கு வந்தால், அதை மறந்துவிட வேண்டும். இடம் கொடுத்தால் இதன் வேர் 2 மீட்டரையும் தாண்டி இறங்கும். சேலம், நாமக்கல் பக்கம் செவ்வல் மண் பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இருக்காது. அதன் கீழே சிதைந்த பாறை, சுண்ணாம்புக் கற்கள். அந்த விரிசல்களுக்குள் வேர் நுழைந்துகொள்கிறது. கடப்பாரைக்கு இடம் கொடுக்காமல் நின்றது மண்ணல்ல, பாறையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த வேர்தான்.

அருகம்புல்லோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அருகு ஓடுகிற புல். தரையோடு தண்டை நீட்டி, கணுவுக்குக் கணு வேர்விட்டு இடம் பிடிக்கும். கொழுக்கட்டை நிற்கிற புல். முழங்கால் உயரத்திலிருந்து, மழையும் மண்ணும் நன்றாக அமைந்தால் இடுப்புக்கு மேல்கூட எழும். ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே வெற்று மண் கிடக்கும். அந்த இடைவெளியைப் பார்த்து "புல்லே இல்லாத காடு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேலே வெறுமை, கீழே நெரிசல். பக்கத்துப் பக்கத்துக் குத்துகளின் வேர்கள் அங்கே ஏற்கெனவே சந்தித்துவிட்டன.

தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது. பரமத்தி வேலூர், மோகனூர் என்று காவிரிக் கரையில் வாழையும் வெற்றிலையும் நிற்கும் ஈர நிலத்தில் இதைத் தேடாதீர்கள். ஆண்டுக்கு 375 முதல் 750 மில்லிமீட்டர் மழையில் இது நிறைவாக வாழும். நாமக்கல்லில் சராசரியாக ஏறத்தாழ 700 பெய்கிறது. அதுவும் கோடையில் கொஞ்சம், ஆவணியிலிருந்து ஐப்பசி வரை மீதி என்று துண்டுதுண்டாக. இடைவெளிவிட்டுப் பெய்கிற மழைக்குக் கிழங்குபோல ஒரு தூரை வைத்துக்கொண்டிருப்பதுதான் தோது.

இனி இலை. ஒரு சாண் நீளம், அகலம் ஒரு சென்டிமீட்டருக்குள். இலையுறையும் இலைப்பரப்பும் சேரும் இடத்தில் மெல்லிய மயிர் வரிசை ஒன்று இருக்கும். கண்ணுக்கு அருகே கொண்டுபோனால்தான் தெரியும். நடுப்பகலில் இலை நீளவாக்கில் சுருண்டு குழல்போல ஆகிவிடும். மேல்தோலில் வரிசையாக இருக்கும் பெரிய நீர்ச்செல்கள் தண்ணீரை இழந்து தளர்வதால் வரும் சுருட்டல் அது. வெயில் படும் பரப்பு குறைகிறது, ஆவியாவதும் குறைகிறது.

ஆனால் பெரிய மிச்சம் பிடிப்பது இலைக்குள். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைச் செய்வது ரூபிஸ்கோ என்ற நொதி. அதற்கு ஒரு பழைய கோளாறு: வெயில் ஏற ஏற, கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துத் தொலைக்கும். நெல், நிலக்கடலை போன்ற பயிர்கள் இந்த இழப்போடுதான் வாழ்கின்றன. கொழுக்கட்டைப் புல் என்ன செய்கிறது என்றால், வெளிச்செல்களில் வேறொரு நொதியைக் கொண்டு கரியமில வாயுவை நான்கு கரியணுக்கள் உள்ள ஓர் அமிலமாகக் கட்டி, நரம்பைச் சுற்றியுள்ள உறைச்செல்களுக்குள் ஓட்டிச்சென்று அடைக்கிறது. மேய்கிற ஆடுகளை அந்தியில் பட்டிக்குள் அடைப்பதுபோல. பட்டிக்குள் நெருக்கியடித்துக் கரியமில வாயு. அங்கேதான் ரூபிஸ்கோவும் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிஜனைப் பிடிக்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இதை சி4 முறை என்கிறார்கள்.

இதனால் தண்ணீர் எப்படி மிச்சமாகும்? இலைத்துளை திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும், நீராவி வெளியே போகும்; இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். உள்ளே பிடிக்கிற நொதி கெட்டிக்காரனாக இருந்தால் வாசலைக் கொஞ்சமாகத் திறந்தால் போதும். ஒரு கிலோ உலர்பொருளை உண்டாக்க சி4 புல்லுக்கு ஆகும் தண்ணீர், நெல் வகைப் பயிருக்கு ஆவதில் சுமாராகப் பாதி. நம் மானாவாரிக் காடுகளில் காலங்காலமாக நின்ற சோளம், கம்பு இரண்டும் சி4 ஆனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. உலகத்துப் பூக்கும் தாவர இனங்களில் இந்த முறையைக் கொண்டவை 3 விழுக்காடு அளவுதான். ஆனால் நிலத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய கால் பங்கு அவற்றுடையது.

கம்பு என்றதும் ஓர் உறவைச் சொல்லவேண்டும். கம்பைப் பென்னிசெட்டம் என்ற பேரினத்தில் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2010-இல் அந்தப் பேரினத்தையே சென்க்ரஸோடு சேர்த்துவிடலாம் என்று வகைப்பாட்டியலார் முன்மொழிந்தார்கள், பலர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்தக் கணக்கின்படி கம்பும் கொழுக்கட்டைப் புல்லும் பங்காளிகள். சொட்டுநீர் போட்டு மாட்டுக்கு வளர்க்கிறார்களே கம்பு நேப்பியர், அதுவும் அதே வீட்டுப் பிள்ளை. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியருக்கு 28, இரண்டையும் கலந்ததற்கு 21. ஒற்றைப்படையில் மாட்டிக்கொண்டதால் அதற்கு விதை பிடிக்காது. கரணை வைத்துத்தான் நடவேண்டும்.

கொழுக்கட்டையின் குடும்ப ரகசியம் இதைவிட விசித்திரம். அதைச் சொல்வதற்கு முன் கதிரைப் பார்த்துவிட வேண்டும்.

கதிர் ஒரு விரல் நீளம்; இளசில் ஊதாச் சாயல், முற்றினால் வைக்கோல் நிறம். தடவினால் பூனைவால்போல மெத்தென்று இருக்கும். ஒற்றை மணியைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து லென்ஸில் பாருங்கள். அது மணி அல்ல, ஒரு கூடு. வெளிவட்டத்தில் நூல்போன்ற மெல்லிய முட்கள். உள்வட்டத்தில் அவற்றைவிட நீண்ட முட்கள். அவற்றின் கீழ்ப்பாதியில் இரு பக்கமும் இமைமயிர்போல மென்மயிர். லின்னேயஸ் 1771-இல் இதற்குச் சிலியாரிஸ் என்று பெயர் வைத்தது இந்த இமையைப் பார்த்துத்தான். உள்முட்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீண்டு துருத்திக்கொண்டிருக்கும். முட்களெல்லாம் அடியில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சிறு வட்டத்தட்டாக இருக்க, அந்தத் தட்டின்மேல் ஒன்று முதல் நான்கு வரை சிறுகதிர்கள். முற்றியதும் கூடு முழுதாக உதிர்கிறது. கதிரில் மிஞ்சுவது சற்றே நெளிந்த, சொரசொரப்பான வெறுங்காம்பு.

முள் என்று சொன்னாலும் குத்தாது. முட்களின் சொரசொரப்பு நுனியை நோக்கிச் சாய்ந்தது. ராஜஸ்தான் மணலில் முளைக்கும் இதன் பங்காளி ஒன்றுக்குச் சொரசொரப்பு பின்னோக்கி. மீன்தூண்டில்போலத் தோலில் ஏறிக்கொள்ளும். நம் புல் காற்றில் உருளும், ஆட்டின் மயிரில் தொற்றும், வேட்டியில் ஒட்டி வீடு வரைக்கும் வரும், அவ்வளவுதான். கொழுக்கட்டை என்ற பெயர் எப்படி வந்தது? உருட்டி விரல்பதியப் பிடித்த பிடிகொழுக்கட்டைபோல இந்தக் கூடுகள் கதிரில் கொழுகொழுவென்று அடுக்கியிருப்பதால் இருக்கலாம் என்பது என் ஊகம். பசியோடு ஆடு மேய்த்த யாரோ வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு நிறைவு.

உதிர்ந்த விதையை உடனே விதைத்தால் பெரும்பாலும் ஏமாற்றும். கூட்டிலும் உமியிலும் முளைப்பைத் தடுக்கும் தன்மை இருக்கிறது; ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு பழகிய விதைதான் நன்றாக முளைக்கும். ஒரு தூறலை நம்பி எல்லா விதையும் முளைத்துக் கருகிவிடாமல் இருக்க இது ஒரு காப்பு. எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும், ஆனால் பஞ்சுபோலப் பறக்கும். அதனால் ஈரமண்ணோடு பிசைந்து தூவுவார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 என்ற நீலக் கொழுக்கட்டைப் புல் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

இப்போது ரகசியம். பெரும்பாலான கொழுக்கட்டைக் குத்துகளில் விதை, தாயும் தந்தையும் சேர்ந்து உண்டாவதில்லை. சூலுக்குள், முறைப்படி முட்டையைத் தரவேண்டிய செல்லை ஓரங்கட்டிவிட்டு, பக்கத்திலுள்ள சாதாரண உடற்செல் ஒன்று கருப்பையாக மாறுகிறது. அதில் உண்டாகும் முட்டை கருவுறாமலே கருவாகிறது. மகரந்தம் வேண்டியிருப்பது விதைக்குள் கருவுக்கு ஊட்டமாக இருக்கும் மாவுப்பகுதியை உண்டாக்க மட்டும். பிள்ளையின் உடலில் தந்தைக்குப் பங்கில்லை. ஆக, ஒவ்வொரு விதையும் தாயின் அச்சு. நம் கரட்டடியில் நூறு குத்துகள் நின்றால், அவற்றில் பல ஒரே செடியின் பல உடல்களாக இருக்கக்கூடும்.

முறைப்படி இனப்பெருக்கம் செய்யும் கொழுக்கட்டைச் செடி ஒன்று டெக்சாஸில் அகப்பட்டபோது புல் ஆராய்ச்சியாளர்களுக்கு அது புதையல். பாஷா என்ற விஞ்ஞானி 1962-இல் அதைப்பற்றி எழுதினார். கலப்பு செய்ய அதற்கு முன் வழியே இருக்கவில்லை. இதில் நம் உழவனுக்கு என்ன? வீரியஒட்டு ரகத்தின் விதையை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் குணம் சிதறிவிடும்; அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் பாக்கெட் வாங்கவேண்டியிருக்கிறது. தாயச்சு விதை போடும் இந்தக் குணத்தைக் கம்புக்குள் கொண்டுவந்துவிட்டால் ஒட்டுரகத்தையும் வீட்டுவிதையாக வைத்துக்கொள்ளலாம். கம்பின் காட்டுப் பங்காளி ஒன்றிலிருந்து எடுத்த மரபணுவைக் கம்பில் சேர்த்து, கருவுறாத முட்டையிலிருந்து கரு உண்டாவதை 2015-இல் காட்டினார்கள். வயலுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

இந்த உடலை நன்றாகப் புரிந்துகொண்ட மேய்ச்சல் முறை ஒன்று காவிரிக்கு அக்கரையில் இருக்கிறது. காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்துக் கொரங்காடு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டை, அதன் இடுக்கில் நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும். ஒரு காட்டை மேயவிட்டு, அடுத்ததைக் கடவு போட்டு அடைத்து வைப்பார்கள். அடைத்துவைக்கும் நாட்களில்தான் தூர் தன் இருப்பை மறுபடி நிரப்பிக்கொள்கிறது. காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லில். இக்கரையில் மேச்சேரிச் செம்மறி. செம்பழுப்பு நிறம், ஒட்டினாற்போல் குட்டை மயிர், தோலுக்குப் பேர்போனது. பொட்டனேரியில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடு நுனியைக் கடிக்கும், புல் அடியில் தழைக்கும். இந்த ஏற்பாட்டைக் குலைப்பது உழவுக்கலப்பைதான். டிராக்டர் ஒருமுறை தூரைப் புரட்டி வேரை வெயிலுக்குக் காட்டிவிட்டால் பத்து வருடச் சேமிப்பு ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். ஆழ்துளைக் கிணறு வந்து மேட்டாங்காடு மரவள்ளிக்காடான இடங்களில் கொழுக்கட்டை வரப்புக்கு ஒதுங்கியது அப்படித்தான். உழவர் மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மரவள்ளி காசு தருகிறது, புல் ஆட்டைத்தான் தரும்.

வேறு நாட்டில் இதே புல்லின் கதை தலைகீழ். ஆஸ்திரேலியாவுக்கு இது 1870-களில் ஆப்கானிய ஒட்டகக்காரர்களின் சேணத்துக்குள் திணித்த வைக்கோலாகப் போய்ச் சேர்ந்தது என்கிறார்கள். அமெரிக்காவில் 1940-களில் மேய்ச்சலுக்காக டெக்சாஸில் பரப்பினார்கள். அங்கிருந்து அரிசோனாவின் சொனோரன் பாலைவனம். அந்தப் பாலைவனத்துக்கு நெருப்புப் பழக்கமில்லை. செடிகளுக்கு நடுவே எரிவதற்கு எதுவும் கிடையாது. அந்த இடைவெளிகளை இந்தப் புல் காய்ந்த தாளால் நிரப்பியது. ஒரு பொறி விழுந்தால் நூறாண்டுக்கு மேல் நின்ற சகுவாரோ கள்ளிகள் வெந்துபோகின்றன. புல்லும் எரிகிறது, தாள் மட்டும். தூர் மண்ணுக்குள் பத்திரமாக இருந்து அடுத்த மழையில் தழைக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியா இதைக் களை என்று அறிவித்துவிட்டது. டூசான் நகரத்தைச் சுற்றியுள்ள மலைகளில் தன்னார்வலர்கள் குழுகுழுவாகப் போய்க் கடப்பாரையால் ஒவ்வொரு குத்தாகத் தோண்டியெடுக்கிறார்கள். மேலே வெட்டினால் பயனில்லை என்பதை அவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அதே தூர், அதே வேர், அதே தாயச்சு விதை. இங்கே ஏன் காடு எரியவில்லை? என் கணிப்பில், எரிகிற அளவுக்குத் தாள் சேர்வதற்குள் ஏதோ ஒரு வாய் வந்துவிடுகிறது.

கரட்டடியில் நான் பெயர்த்த குத்தை அந்தக்கா சும்மா விடவில்லை. "புடுங்கிப் பாத்தாச்சில்லீங்க, குடுங்க" என்று வாங்கி, பாதியாகப் பிளந்தார். ஒரு பாதியை என் பையில் போட்டார். மறுபாதியின் காய்ந்த தாளைக் கையால் ஒடித்துவிட்டு, அதே குழியில் வைத்து, மண் தள்ளிக் குதிகாலால் இரண்டு மிதி மிதித்தார்.

ஐப்பசியில் மறுபடி அந்த வழியாகப் போனேன். கரட்டடி முழுக்கப் பச்சை, இடையிடையே ஊதாக் கதிர்கள். என் குழி எது என்று தேடினேன். எல்லாக் குத்தும் ஒன்றுபோல இருந்தன. தாயச்சுப் பிள்ளைகளில் அடையாளம் தேடுவது எப்படி? எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் வந்து, காலால் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இதாங்க உங்குளுது. பழைய தாளே இல்லீங்க பாருங்க. நான்தான ஒடிச்சு வெச்சன்."

ஒரு செம்மறிக் குட்டி அதற்குள் அதன் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது.